பத்து ரூபாய் கேட்கப் போகிறவர்களுக்கு: தேர்தல் நிதி வசூல், உண்டியல் எடுப்பதிலிருந்து கணக்கு ஒப்படைக்கும் வரை

முதல்முறை தேர்தல் நிதிக்காக உண்டியலோடு தெருவில் இறங்கியபோது மூன்றாவது வீட்டிலேயே மாட்டிக்கொண்டேன். கதவைத் திறந்த அக்கா நோட்டீசைப் பார்த்தார், சின்னத்தைப் பார்த்தார், "எவ்வளவு தர்றீங்க?" என்று கேட்டார். "இல்லக்கா, நாங்க கேட்டு வந்திருக்கோம்" என்றேன். அவருக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தார். "அப்ப அவங்க குடுத்துட்டுப் போன பெறகு வாங்க. அதுல இருந்து தர்றேன்" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே ஒரு வழி சொன்னார்.

அந்த வாசலில் நிற்கப் போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தொழிற்சங்கம், சாதி ஒழிப்பு, நீர்நிலைப் பாதுகாப்பு, பெண்கள் உரிமை என்று ஏதாவது ஒரு களத்தில் பல வருடம் வேலை செய்த ஒருவர் உங்கள் சட்டமன்றத் தொகுதியில் நிற்கிறார். பின்னால் பணம் இல்லை. நீங்கள் நாலு பேர் சேர்ந்து "வசூல் பண்ணிடலாம் தோழர்" என்று சொல்லிவிட்டீர்கள். அப்புறம் என்ன செய்வது என்று தெரியவில்லை. இங்கே நான் சொல்வதெல்லாம் தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தொகுதி ஒன்றை மனதில் வைத்து.

நம் ஊரில் தேர்தல் பணம் மேலிருந்து கீழே வரும் என்பது ஊருக்கே பழகிப்போன விஷயம். 2009 திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பிறகு ஓட்டுக்குப் பணம் கொடுப்பதற்குத் 'திருமங்கலம் ஃபார்முலா' என்று பெயரே வந்துவிட்டது. 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலைப் பணப் பட்டுவாடா காரணமாக ரத்து செய்தார்கள். 2019-இல் வேலூர் மக்களவைத் தேர்தலும் அதே காரணத்துக்காக ரத்தானது. இந்தச் சூழலில் வாக்காளரிடம் போய்ப் பத்து ரூபாய் கேட்பது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். ஆனால் இதே ஊரில்தான் துண்டை விரித்துப் பிடித்துக் கட்சி வளர்த்தார்கள். 1967 தேர்தலுக்கு 10 லட்சம் திரட்ட வேண்டும் என்று அண்ணா இலக்கு வைத்தார். கருணாநிதி ஊர் ஊராகச் சுற்றி 11 லட்சமாகக் கொண்டுவந்து கொடுத்தார். விருகம்பாக்கம் மாநாட்டில் வேட்பாளர்களை அறிவிக்கும்போது, சைதாப்பேட்டைக்கு அவர் பெயரைச் சொல்லாமல் அந்தத் தொகையையே சொன்னார் அண்ணா. கம்யூனிஸ்டுகளின் உண்டியல் குலுக்கலைப் பற்றிக் கேலி பேசாத ஆளே இல்லை. கேலி பேசிக்கொண்டே காசும் போட்டார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

அண்மைக் காலத்திலும் நடந்திருக்கிறது. 2013 டெல்லித் தேர்தலில் ஆம் ஆத்மி கட்சி 20 கோடி இலக்கு வைத்து, அது நிரம்பியதும் "போதும், இனி அனுப்பாதீர்கள்" என்று சொன்னது. 2019-இல் பீகாரின் பெகுசராயில் நின்ற கன்னையா குமார், அப்போதைய செலவு உச்சவரம்பான 70 லட்சத்தையும் இணையம் வழியாகவே திரட்டிவிட்டார். தோற்றது நாலு லட்சத்துக்கும் மேலான வாக்கு வித்தியாசத்தில். அவர் தோற்றதற்கு எத்தனையோ காரணம் இருக்கலாம். நான் எடுத்துக்கொண்ட பாடம் ஒன்றுதான்: டெல்லியிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிற பணத்துக்குப் பெகுசராயில் ஓட்டு கிடையாது. எனவே எங்கள் குழுவில் இரவு கூடும்போது முதலில் கேட்பது "எவ்வளவு வந்தது" என்றல்ல. "இன்றைக்குத் தொகுதிக்குள் எத்தனை பேர் கொடுத்தார்கள்?" கீழே சொல்லும் எல்லா ஏற்பாடும் அந்த எண்ணிக்கையைக் கூட்டுவதற்காகத்தான்.

எவ்வளவு வேண்டும்?

சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சம் வரை செலவு செய்யலாம் என்று 2022 ஜனவரியில் வரம்பை உயர்த்தினார்கள். அந்த எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம், அது உச்சவரம்பு. டெபாசிட் 10,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளருக்கு அதில் பாதி. செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் அது திரும்பி வராது. மனதைத் தேற்றிக்கொண்டு, நம் பட்ஜெட்டில் அதைப் போன காசாகவே எழுதிவிடுங்கள்.

மொத்தத் தொகையைச் சாவடியால் வகுத்துப் பாருங்கள். ஒரு தொகுதியில் ஏறக்குறைய 300 வாக்குச்சாவடி இருக்கும். உங்கள் தேவை 6 லட்சம் என்றால் ஒரு சாவடிக்கு 2,000. அதாவது 40 வீடு, வீட்டுக்கு 50 ரூபாய். "ஆறு லட்சம் திரட்டணும்" என்று கூட்டத்தில் சொன்னால் பாதிப் பேர் தரையைப் பார்ப்பார்கள். "உன் சாவடியில 40 வீடு" என்றால் விரல் விட்டு எண்ண ஆரம்பிப்பார்கள். 300 சாவடியிலும் உங்களுக்கு ஆள் இருக்காது, எனக்குத் தெரியும். 100 சாவடியில் ஆள் இருந்தாலே பெரிய விஷயம். மீதியைச் சந்தையிலும் சங்கத்திலும் ஓய்வுபெற்றவர்களிடமும் ஈடுகட்ட வேண்டும்.

செலவுப் பட்டியல் போடும்போது கடைசி நாளிலிருந்து தொடங்குங்கள். வாக்குப்பதிவு அன்று சாவடிக்கு இரண்டு பேர், டீ, சாப்பாடு என்று 300 ரூபாய் வைத்தாலும் 90,000 ஆகிவிடும். அதை முதலில் எடுத்து ஓரமாக வையுங்கள். நாங்கள் ஒருமுறை வந்ததையெல்லாம் சுவரொட்டிக்கும் ஒலிபெருக்கி ஆட்டோவுக்கும் கொட்டிவிட்டு, அன்று மதியம் பூத் ஏஜென்டுக்குச் சோறு வாங்கக் காசில்லாமல் நின்றோம். இரண்டு மணிக்குச் சாப்பிடப் போனவர்களில் சிலர் திரும்பவே இல்லை.

வங்கிக் கணக்கு

தேர்தல் செலவுக்கென்றே தனியாக ஒரு வங்கிக் கணக்கை, வேட்புமனு கொடுப்பதற்குக் குறைந்தது ஒரு நாள் முன்பாவது திறந்திருக்க வேண்டும். வேட்பாளர் பெயரில் இருக்கலாம், அல்லது வேட்பாளரும் அவருடைய தேர்தல் முகவரும் (தன் சார்பில் தேர்தல் வேலையைப் பார்க்க வேட்பாளர் நியமிப்பவர்) சேர்ந்து திறக்கலாம். மனைவியையோ தம்பியையோ சேர்த்துக் கூட்டுக் கணக்கு திறக்க முடியாது, அவர்தான் தேர்தல் முகவர் என்றால் தவிர. கூட்டுறவு வங்கி, அஞ்சலகம்கூடப் போதும். வேட்பாளர் தன் பையிலிருந்து போடும் பணமும் இந்தக் கணக்குக்குள் வந்துதான் வெளியே போக வேண்டும்.

'குறைந்தது ஒரு நாள்' என்று இருக்கிறதே என்று அதுவரை காத்திருக்காதீர்கள். அறிவிக்கை வந்து மனுத்தாக்கல் முடிய ஒரு வாரம்தான். பிறகு பிரச்சாரத்துக்குக் கிடைப்பது இரண்டு வாரம் போல. அந்த நேரத்தில் வங்கிக் கிளையில் போய் நின்று கேஒய்சி சரியில்லை என்று திரும்பி வந்தால் நாலு நாள் போச்சு. வேட்பாளர் யார் என்று முடிவான வாரமே திறந்துவிடுங்கள். திறந்த கையோடு அந்தக் கணக்கின் க்யூஆர் கோடையும் வாங்கி அச்சடித்துக்கொள்ளுங்கள். புதுக் குழுக்கள் எல்லாம் செய்யும் ஒரே தவறு, ஆளுக்கொரு ஜிபே எண்ணைக் கொடுத்து வசூலிப்பது. கொடுப்பவருக்குச் சுலபம்தான். மூன்றாம் நாள் யாருடைய போனில் யாருடைய பணம் இருக்கிறது என்று ஆண்டவனுக்கும் தெரியாது.

வேட்பாளர் கட்சிக்காரர் என்றால் கட்சியின் ரசீது, கட்சியின் கணக்கு என்று வேறு முறை இருக்கும். அங்கே வசூலித்து வேட்பாளர் கணக்குக்கு மாற்றுவார்கள். மாவட்டக் குழுவிடம் கேட்டு அதன்படியே போங்கள். இரண்டு முறையையும் கலக்கக் கூடாது.

ரொக்கத்துக்கு ஒரு எண்ணை மட்டும் நினைவில் வைத்தால் போதும்: 10,000. ஒருவரிடமிருந்து அதற்கு மேல் நன்கொடையோ கடனோ வாங்குவதாக இருந்தால் காசோலை அல்லது வங்கி வழியாகத்தான். நாம் ஒருவருக்குக் கொடுப்பதும் அப்படியே. ஃப்ளெக்ஸ் அடித்தவருக்குத் தேர்தல் முடிவதற்குள் மொத்தமாக 10,000-க்கு மேல் போகும் என்றால் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்.

ரசீது புத்தகம்

உண்டியலைவிட இதை நம்புங்கள். 50 தாள் கொண்ட புத்தகமாக அடியுங்கள், வரிசை எண்ணும் அடிக்கட்டையும் இருக்கட்டும். எந்தப் புத்தகம் யார் கையில் போனது, எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை என்று ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகே கொடுங்கள். தேர்தல் முடிந்ததும் காலிப் புத்தகம், பாதிப் புத்தகம், கிழிந்த தாள் எல்லாமே திரும்பி வர வேண்டும். கெட்டுப்போன தாளைக் கிழித்தெறியாமல் குறுக்கே கோடு போட்டு அதிலேயே விடச் சொல்லுங்கள்.

ரசீதில் பெயரை எப்படி எழுதுகிறோம் என்பது சின்ன விஷயமில்லை. இன்ஷியல் கேட்டு, திரு, திருமதி போட்டு, அவர் சொல்கிறபடியே எழுத வேண்டும். தெருவில் எல்லோரும் 'ஆயா' என்று கூப்பிடும் ஒருவரிடம் முழுப் பெயர் கேட்டு எழுதிக் கொடுத்தபோது, அவர் அதைப் படிக்கத் தெரிந்த பேத்தியிடம் இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அந்தத் தாள் பீரோவுக்குள் போயிற்று.

20 ரூபாய்க்குக் கீழே உண்டியலில் போடச் சொல்லலாம், அதற்கு மேல் ரசீது. ரசீதில்லாத உண்டியல் காசையும் தேதி, இடம், எண்ணியவர்கள் பெயரோடு பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள்.

கேட்பது

இதுதான் பாதிப் பேருக்கு வராது. படித்தவர்களுக்குச் சுத்தமாக வராது. நோட்டீஸ் கொடுத்துக் கொள்கை பேசுவார்கள், பத்து நிமிஷம் கழித்து "முடிஞ்சா ஏதாவது..." என்று இழுப்பார்கள். வாசலில் இருப்பவருக்கு அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருக்கும்.

மூன்று பேராகப் போங்கள். ஒருவர் பேச, ஒருவர் எழுத, ஒருவர் உண்டியல் பிடிக்க. மூவரில் ஒருவராவது அந்தத் தெருக்காரராக இருக்க வேண்டும். ஒரு பெண்ணாவது இருந்தால் பகல் நேரத்தில் கதவு திறக்கும். பேச்சு இவ்வளவுதான்:

"அக்கா, நம்ம ஏரி ஆக்கிரமிப்புக் கேஸ நடத்துனாரே, அவரு எலெக்‌ஷன்ல நிக்கிறாரு. காண்ட்ராக்டர்கிட்ட காசு வாங்க மாட்டோம், உங்ககிட்டதான் கேக்குறோம். இந்தப் பூத்துல உக்கார்ற ரெண்டு பேருக்கு அன்னிக்கு சாப்பாட்டுச் செலவு. ஒரு அம்பது ரூபா குடுங்கக்கா."

தொகையைச் சொல்லிவிட வேண்டும். எதற்கு என்பதையும் கையால் தொடுகிற மாதிரிச் சொல்ல வேண்டும்: சாப்பாடு, ஆட்டோ டீசல், நூறு நோட்டீஸ். கேட்டு முடித்ததும் வாயை மூடிக்கொள்ளுங்கள். அந்த நாலைந்து விநாடி மௌனத்தைத் தாங்க முடியாமல் "இல்லன்னா பரவால்லக்கா" என்று நாமே சொல்லிவிடுவோம். நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்திருப்பார்.

இல்லை என்று சொன்னால் நன்றி சொல்லி நோட்டீசைக் கொடுத்துவிட்டு நகருங்கள். வாதாடாதீர்கள். "வேற கட்சிப்பா" என்பவரிடமும் ஒரு வணக்கம். கடைவீதியில் முதலில் நமக்குத் தெரிந்த ஒரு கடைக்காரரிடம் போய் அவர் பெயரை ரசீதில் ஏற்றிவிடுங்கள். தென் மாவட்டம் என்றால் "அந்த அண்ணாச்சி நூறு போட்டுருக்காரு" என்ற ஒரு வரி வீதி முழுக்கப் பேசும். கூட்டமாகப் போய் ஒரு கடையை மறித்து நிற்காதீர்கள். அது வசூலாகத் தெரியாது, மாமூலாகத் தெரியும்.

நேரம் பார்த்துப் போக வேண்டும். பனியன் கம்பெனி, விசைத்தறி ஊர்களில் சனிக்கிழமை சாயங்காலம், வாரக்கூலி கையில் இருக்கும்போது. மாதச் சம்பளக்காரர்கள் பகுதி என்றால் ஒன்றாம் தேதியிலிருந்து ஐந்துக்குள். மீன் மார்க்கெட், காய்கறிச் சந்தை விடியற்காலை வியாபாரம் ஓய்ந்த பிறகு. வியாபாரத்துக்கு நடுவில் போனால் திட்டு விழும். ஆட்டோ ஸ்டாண்டில் தனித்தனியாகக் கேட்காமல் ஸ்டாண்டுத் தலைவரிடம் சொன்னால் அவரே சுற்றி வாங்கித் தருவார். ரேஷன் வரிசையில் மட்டும் வேண்டாம். நகர முடியாமல் நிற்பவரிடம் கேட்பது அழகில்லை. கோயில், பள்ளிவாசல், தேவாலய வாசலும் வேண்டாம். வழிபாட்டு இடத்தைத் தேர்தல் வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று நடத்தை விதியே சொல்கிறது.

ஏழைகளிடம் கேட்கலாமா என்று ஒவ்வொரு குழுவிலும் ஒரு சண்டை வரும். நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மா நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் என்ன செய்வது? எங்கள் தோழர் ஒருவர் "வேண்டாம்மா, நீங்க வச்சுக்குங்க" என்று திருப்பிக் கொடுத்தார். அந்த அம்மா முகம் சுண்டிப்போனது. "ஏன், எங்காசு செல்லாதா?" வாங்கிக்கொள்ளுங்கள் என்பதே என் முடிவு. குடிசைப் பகுதியைத் தாண்டிப் போய் மாடி வீடுகளில் மட்டும் கேட்டால், நாளைக்கு யார் பேச்சைக் கேட்பீர்கள் என்பதும் அங்கேயே முடிவாகிவிடும். அங்கே நாமாகக் கேட்கும்போது பத்து ரூபாய்க்கு மேல் கேட்க வேண்டாம், அவ்வளவுதான்.

வசூல் செய்கிற தெருவில் எதையும் கொடுக்காதீர்கள். நிதி தந்தவருக்கு நன்றியாகக் காலண்டர், டம்ளர், டீ-ஷர்ட் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அவரும் ஒரு வாக்காளர். பொருள் கைமாறினால் லஞ்சம் என்று புகார் போகும், போனால் நியாயம் சொல்ல முடியாது. ரசீது போதும்.

போனும் வெளியூரும்

ஓய்வுபெற்ற ஆசிரியர், வங்கி ஊழியர், எல்ஐசி ஊழியர், போக்குவரத்துத் தொழிலாளர்: இந்தப் பட்டியலை ஒரு நாள் உட்கார்ந்து தயார் செய்யுங்கள். பழைய வேலைநிறுத்தக் கதைகளோடு 2,000, 5,000 என்று வருவது இங்கிருந்துதான். வாட்ஸ்அப்பில் க்யூஆர் கோடு அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் தம்ஸ்அப் வரும், காசு வராது. ஒவ்வொருவரையும் கூப்பிட்டுப் பேச வேண்டும். கூப்பிடுகிறவர் அவருக்குத் தெரிந்தவராக இருக்க வேண்டும். கதை கேட்க நேரம் ஒதுக்குங்கள். 1980-களின் போராட்டக் கதையை முழுதாகக் கேட்டுத்தான் ஆக வேண்டும், குறுக்கு வழி கிடையாது.

வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தில் கவனம். வேட்பாளரோ கட்சியோ வெளிநாட்டு நன்கொடை வாங்குவதை 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் தடை செய்கிறது. துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்ட மாமாவும், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தருவது) வைத்திருக்கும் அமெரிக்க அத்தையும், கனடாவில் இருக்கும் ஈழத்து நண்பரும் அனுப்பக் கூடாது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "இந்திய பாஸ்போர்ட்டா?" சங்கடமான கேள்விதான். கேட்காமல் வாங்கினால் சிக்கிக்கொள்வது வேட்பாளர்.

யாரிடம் வாங்கக் கூடாது

பணியில் இருக்கும் அரசு ஊழியர், அரசுப் பள்ளி ஆசிரியர். நம் பக்கம் மனம் சாய்ந்தவர்களில் இவர்கள் அதிகம், அதனால்தான் தனியாகச் சொல்கிறேன். அரசியல் இயக்கத்துக்குச் சந்தா, உதவி எதுவும் கூடாது என்று அவர்களுடைய நடத்தை விதி சொல்கிறது. நாம் எழுதும் ரசீதே அவர் மேல் நடவடிக்கைக்குச் சான்றாகிவிடும். "மனைவி பேர்ல போட்டுக்கங்க" என்பார். அந்த அம்மாவுக்குச் சொந்த வருமானமும் விருப்பமும் இருந்தால் அவரிடமே நேரில் கேளுங்கள். இவர் பணத்துக்கு அவர் பெயர் என்றால் வேண்டாம்.

மணல், குவாரி, கல்லூரி முதலாளி, ரியல் எஸ்டேட்: சட்டம் தடுக்காவிட்டாலும் நாம் தடுக்க வேண்டும். தனிநபர் ஒரு வேட்பாளருக்கு இவ்வளவுதான் தரலாம் என்று நம் நாட்டில் வரம்பு கிடையாது. ஆகவே வரம்பைக் குழுவே வைத்துக்கொள்வது நல்லது. நாங்கள் ஒருவரிடம் 25,000-க்கு மேல் வாங்குவதில்லை என்று நோட்டீசிலேயே அச்சடித்தோம். ஒரு நல்ல மனிதர் ஒரு லட்சம் தர வந்தபோது அந்த நோட்டீசைக் காட்டித்தான் தப்பித்தோம். அவ்வளவு தரும் ஒருவர் இருந்தால் நாற்பது வீட்டுக்கு நடக்க எவனுக்கும் கால் வராது.

வருமான வரிக் கழிவு கிடைக்குமா என்று கேட்பார்கள். பதிவு பெற்ற கட்சிக்கு ரொக்கமில்லாமல் தந்தால், பழைய வரி முறையில் இருப்பவருக்குக் கிடைக்கும். வேட்பாளருக்கு நேரடியாகத் தருவதற்குக் கிடையாது. "காசோலை தர்றேன், கமிஷன் போக ரொக்கமாத் திருப்பிக் குடுங்க" என்று யாராவது வந்தால் டீகூட வாங்கிக் கொடுக்காமல் அனுப்பிவிடுங்கள்.

பொருளாகத் தருபவர்கள்

"காசு இல்ல தோழர், ரெண்டு நாள் ஆட்டோ ஓட்டித் தர்றேன்." தாராளமாக. ஆனால் அதுவும் செலவுக் கணக்கில் ஏறும். டீ முதல் பந்தல் வரை எதற்கு என்ன விலை என்று மாவட்டத் தேர்தல் அலுவலகம் ஒரு பட்டியல் வைத்திருக்கும், அந்த விலையில் எழுத வேண்டும். அந்தப் பட்டியலை வாங்கிப் படித்துப் பாருங்கள், நல்ல பொழுதுபோக்கு.

ஆர்வக் கோளாறில் யாராவது தாமாகவே சுவரொட்டி அடித்து ஒட்டிவிடுவதுதான் உண்மையான தலைவலி. வேட்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் அவருக்காகச் செலவு செய்வது குற்றம். அச்சகத்தின் பெயரும் வெளியிடுபவர் பெயரும் இல்லாத நோட்டீசும் குற்றம். உதவ வருபவர் யாராக இருந்தாலும் ஒரு தாளில் எழுதி வேட்பாளரிடமோ முகவரிடமோ கையெழுத்து வாங்கிக்கொள்ளட்டும்.

இரவுக் கணக்கு

ஒவ்வொரு நாளும் இரவு மூன்று பேர் முன்னிலையில் உண்டியலைத் திறந்து எண்ணி, அடிக்கட்டைகளைக் கூட்டி, மூவரும் கையெழுத்திட வேண்டும். எவ்வளவு களைப்பாக இருந்தாலும் நாளைக்குத் தள்ளக் கூடாது. எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு நாள் 4,380 என்று எண்ணியதை யாரோ தூக்கக் கலக்கத்தில் 4,830 என்று எழுதிவிட்டார். வங்கியில் கட்டும்போது 450 குறைந்தது. எழுதியவர் ஒருவர், எண்ணியவர் வேறு, கட்டியவர் வேறு. இரண்டு வாரம் ஒருவர் முகத்தை ஒருவர் சரியாகப் பார்க்கவில்லை. அடிக்கட்டைகளை மறுபடி கூட்டியபோதுதான் இலக்கம் இடம் மாறியது தெரிந்தது. அதற்குள் ஒரு நல்ல தோழர் வேலைக்கு வருவதை நிறுத்தியிருந்தார். அவர் பிறகும் வரவில்லை.

மறுநாள் காலை முதல் வேலை வங்கியில் கட்டுவது. தேர்தல் காலத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கத்தோடு வேட்பாளரோ நம் ஆட்களோ வண்டியில் போனால் பறக்கும் படை பறிமுதல் செய்யும். அதற்குக் குறைவாக இருந்தாலும் ரசீது புத்தகமும் வங்கிப் புத்தக நகலும் பையில் இருக்கட்டும். கோழி வியாபாரியும் வெங்காய வியாபாரியும் ஆவணமில்லாமல் பணத்தைப் பறிகொடுத்துவிட்டு நிற்பதை ஒவ்வொரு தேர்தலிலும் பார்க்கிறோம், ஓட்டுக்கு லட்சக்கணக்கில் தருகிறவர்கள் பிடிபடுவதைத்தான் பார்க்க முடிவதில்லை.

தேர்தல் அலுவலகம் தரும் செலவுப் பதிவேட்டில் அன்றாடச் செலவு, ரொக்கம், வங்கி என்று மூன்று பகுதி இருக்கும். பிரச்சாரக் காலத்தில் குறைந்தது மூன்று முறை அதைக் கொண்டுபோய்ச் சோதனைக்குக் காட்ட வேண்டும். மனுத்தாக்கல் நாளிலிருந்து முடிவு அறிவிக்கும் நாள் வரையிலான செலவு கணக்கில் வரும். முன்பே அச்சடித்து வைத்த நோட்டீசை அந்த நாட்களில் பயன்படுத்தினால் அதுவும் சேரும். இந்தப் பதிவேட்டுக்கென்று ஒரு ஆளை ஒதுக்குங்கள், அவரைத் தெருவுக்கு இழுக்காதீர்கள். கடையில் கணக்கு எழுதிப் பழகியவர் கிடைத்தால் அதிர்ஷ்டம். எங்களுக்கு ஒரு மளிகைக் கடைக் கணக்கப்பிள்ளை கிடைத்தார். கட்சியைப் பற்றி அவருக்கு எந்த அபிப்பிராயமும் கிடையாது, பில் இல்லாத செலவைப் பார்த்தால் மட்டும் கோபம் வரும்.

வாக்குப்பதிவு முடிவதற்கு 48 மணி நேரத்துக்கு முன் பிரச்சாரம் ஓய்ந்துவிடும். உண்டியலையும் அப்போதே உள்ளே வைத்துவிடுங்கள்.

முடிந்த பிறகு

முடிவு அறிவித்த 30 நாளுக்குள் கணக்கை மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டும். தோற்றவர்களும்தான். டெபாசிட் போன சோகத்தில் இதை விட்டுவிட்டால் மூன்று வருடம் தேர்தலில் நிற்க முடியாமல் தகுதிநீக்கம் செய்துவிடலாம். ஒப்படைத்த கணக்கை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நகலும் வாங்கலாம்.

அத்தோடு விடாமல் தெருத் தெருவாக ஒரு தாள் ஒட்டுங்கள்: வந்தது இவ்வளவு, செலவு இவ்வளவு, மிச்சம் இவ்வளவு. 2024 பிப்ரவரி 15 அன்று கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்குப் பணம் தர வழிவிட்ட தேர்தல் பத்திரத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது, கட்சிகளுக்கு யார் பணம் தருகிறார்கள் என்று தெரிந்துகொள்ள வாக்காளருக்கு உரிமை உண்டு என்பதால்தான். நாம் பெரிய கட்சிகளைப் பார்த்துக் கேட்டதை நாமும் செய்ய வேண்டும். ஆனால் அந்தச் சுவரொட்டியில் கொடுத்தவர் பெயர்களைப் போடாதீர்கள். ஊர்ப் பெரியவர்களின் நிலத்தில் கூலிக்குப் போகிறவர் நமக்கு 20 ரூபாய் தந்தார் என்பது சுவரில் தெரிந்தால் மறுநாள் அவருக்கு வேலை இருக்காது. தெருப் பெயர், எத்தனை பேர், மொத்தம் எவ்வளவு: இவ்வளவு போதும். பெயர்ப் பட்டியல் அதிகாரி கேட்டால் காட்ட.

மிச்சப் பணத்தை என்ன செய்வது என்று வசூலுக்கு முன்பே முடிவு செய்து நோட்டீசில் அச்சடித்திருந்தால் இப்போது சண்டை வராது. நாங்கள் அச்சடிக்கவில்லை. 11,000 ரூபாய்க்கு மூன்று கூட்டம் போட்டோம்.

அந்தத் தாளை ஒட்டப் போனபோது, முதல் நாள் பார்த்த அக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். "எங்க, பெறகு வரவே இல்ல?" என்று கேட்டார். அந்தப் பணத்தை வாங்குவதா வேண்டாமா என்று குழுவில் பேசி, வேண்டாம் என்று முடிவெடுத்திருந்ததை அவரிடம் சொல்லவில்லை. தாளை வாங்கிப் படித்துவிட்டு, "எங்க தெருவுல ஒம்போது பேரு குடுத்துருக்காங்களா? யாரு யாரு?" என்றார். அதைச் சொல்ல மாட்டோம் என்றேன்.

அடிக்கட்டைகளை மட்டும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். உள்ளாட்சித் தேர்தல் வரும்போது எந்த வார்டில் எந்த வாசலில் முதலில் நிற்க வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது.